தொங்கு விளக்கில் எல்இடி பல்பு: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் வழி

தொங்கு விளக்கில் எல்இடி பல்பைப் பொருத்திய பின் வெளிச்சம் மனத்துக்கு ஒவ்வாமல் போனால், பெரும்பாலோர் உடனே வேறொரு பல்பை வாங்கி மாட்டுகிறார்கள். அதுவும் சரியில்லை என்றால் மூன்றாவதாக ஒன்று வாங்கப்படுகிறது. பல்பு மட்டுமே குற்றவாளியாக இருக்கும் வீடுகள் குறைவு. பல்பு, அதைச் சுற்றியிருக்கும் குடை, அதற்கு மின்சாரம் கொண்டு வரும் சுவிட்சும் கம்பியும் ஆகிய மூன்றில் ஏதோ இரண்டு ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதே பெரும்பாலும் காரணமாகிறது. கூரையை ஒட்டிய விளக்கில் இந்தப் பொருத்தமின்மை பலமுறை கண்ணுக்குப் படாமலே போய்விடும். தொங்கு விளக்கோ நம் கண்மட்டத்துக்கு அருகில் இறங்கி வருகிறது. அதன் குடை பல்பை நெருக்கமாகச் சூழ்ந்திருக்கிறது. ஆகவே சிறு குறையும் அதில் பெரிதாகத் தெரிகிறது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. சுவிட்சை அணைத்து, பல்பு ஆறிய பின் அதைக் கழற்றி, வீட்டின் வேறோர் அறையில், டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் சுவிட்ச்) இல்லாத, குடை இல்லாத ஒரு ஹோல்டரில் மாட்டிப் பாருங்கள். குறை பல்போடு சேர்ந்து அங்கும் வந்தால் பல்பை ஐயப்படலாம். அங்கே பல்பு ஒழுங்காக எரிந்து, பழைய இடத்தில் வேறொரு நல்ல பல்பும் அதே குறையைக் காட்டினால், பிழை குடையிலோ டிம்மரிலோ கம்பியிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனை தேவையற்ற செலவுகளில் பாதியைத் தடுத்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். ஹோல்டரையோ குடையையோ கழற்ற வேண்டியிருந்தால் சுவிட்சை அணைப்பது போதாது. அந்தச் சுற்றுக்கான மின்சாரத்தையே மெயினில் நிறுத்திவிட வேண்டும். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

பழைய குண்டு பல்புக்கு ஈடான எல்இடி போட்டும் மேசை இருண்டிருக்கிறது

வாட் என்பது பல்பு உண்ணும் மின்திறனின் அளவு. அது தரும் வெளிச்சத்தின் அளவு லூமென். 40 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 450 லூமென் தரும். 60 வாட் பல்பு ஏறக்குறைய 800 லூமெனும், 100 வாட் பல்பு 1,500 லூமெனுக்குச் சற்று மேலும் தரும். ஆகவே பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் ‘60 வாட்டுக்கு ஈடு’ என்ற வாசகத்தை விட்டுவிட்டு, லூமென் எண்ணைத் தேடிப் படியுங்கள். விளக்கின் ஹோல்டரில் ‘அதிகபட்சம் 40 வாட்’ என்பதைப் போல ஓர் எண் ஒட்டப்பட்டிருந்தால், அது பல்பு உண்மையில் உண்ணும் வாட்டுக்கான வரம்பு. 9 வாட் உண்டு 800 லூமென் தரும் எல்இடி அந்த வரம்புக்குள் தாராளமாக அடங்கும். ஈடு என்று சொல்லப்படும் 60 என்ற எண்ணை அங்கே கணக்கில் கொள்ளத் தேவையில்லை.

லூமென் சரியாக இருந்தும் மேசை மங்கலாக இருந்தால் குடையைப் பாருங்கள். உட்புறம் கறுப்பு அல்லது அடர்நிறம் பூசப்பட்ட உலோகக் குடை, பக்கவாட்டில் செல்லும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதே வடிவமுள்ள குடையின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் அந்த ஒளியைக் கீழே திருப்பி அனுப்பும். மின்சாரத்தை நிறுத்திக் குடையை அகற்றிவிட்டு ஒருமுறை எரியவிட்டுப் பார்த்தால் குடை எவ்வளவு தின்கிறது என்பது உடனே புலப்படும். அத்தகைய குடைக்குள் நாற்புறமும் ஒளி வீசும் பல்பைப் போடுவது வீண். உடலின் பாதி வரை ஒளிபுகாத பிளாஸ்டிக்கால் ஆன சாதாரண எல்இடி பல்பு, தன் ஒளியில் பெரும்பகுதியைத் தன் நுனி நோக்கிய திசையிலேயே வீசுகிறது. தலைகீழாகத் தொங்கும்போது அந்தத் திசை மேசையாகிறது. மலிவான பல்பின் இந்தக் குறைபாடு, மூடிய உலோகக் குடைக்குள் நன்மையாக மாறிவிடுகிறது.

உயரமும் ஒரு காரணம். வெற்றுப் பல்பிலிருந்து 80 சென்டிமீட்டர் தொலைவில் விழும் வெளிச்சம், 160 சென்டிமீட்டரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. கம்பியைச் சற்றுக் கீழிறக்கினாலே தீரக்கூடிய குறைக்கு, இரு மடங்கு லூமென் உள்ள பல்பை வாங்கிப் பின்னர் கண்கூச்சத்தால் அவதிப்படுகிறவர்கள் பலர்.

கண்ணாடி உருண்டையின் மேற்பாதி இருளாகவும் கீழ்ப்பாதி மட்டும் ஒளியாகவும் தெரிகிறது

மேலே நன்மையாக இருந்த அதே தன்மை இங்கே குறையாகிறது. பால் நிறக் கண்ணாடி, காகிதம், துணி ஆகியவற்றால் ஆன குடைகள் முழுமையாக ஒளிர வேண்டுமானால் பல்பு எல்லாத் திசைகளிலும் ஒளி வீச வேண்டும். பெட்டியில் ஒளி பரவும் கோணம் டிகிரியில் குறிக்கப்பட்டிருக்கும். 300 டிகிரி அல்லது அதற்கு மேற்பட்டதைத் தேர்ந்தெடுங்கள். மஞ்சள் இழைகளைப் போன்ற குச்சிகள் கண்ணாடிக்குள் தெரியும் ஃபிலமென்ட் வகை எல்இடிகள் இதற்கு நன்கு பொருந்தும். அவற்றிலும் பால் பூச்சுள்ள கண்ணாடி கிடைக்கிறது. காகிதக் குடைக்குள் இழைகளின் நிழற்கோடுகள் விழாமல் இருக்க அதுவே மேல்.

விளக்கின் அடியில் உட்கார்ந்தால் கண் கூசுகிறது

தொங்கு விளக்கில் மிகுதியாக எழும் புகார் இதுதான். மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். கூச்சத்துக்கு மொத்த வெளிச்சத்தின் அளவு மட்டுமே காரணமன்று. சிறிய பரப்பிலிருந்து செறிவாக வரும் ஒளி நேரே கண்ணில் படுவதாலும், அந்தப் பரப்பைச் சுற்றியுள்ள இடம் இருண்டிருப்பதாலும் கூச்சம் மிகுகிறது. அதனால்தான் 400 லூமென் மட்டுமே தரும் தெளிந்த கண்ணாடிப் பல்பு, 800 லூமென் தரும் பால் பூச்சுப் பல்பைவிட அதிகமாகக் கண்ணைக் குத்தக்கூடும்.

சோதிக்கும் முறை எளிது. மேசையருகே வழக்கமாக உட்காரும் நாற்காலிகள் ஒவ்வொன்றிலும் அமர்ந்து, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதைப் போல நேராக நோக்குங்கள். பின்னர் வீட்டில் உயரம் குறைந்தவர் உட்காரும் இடத்திலிருந்தும் பாருங்கள். பல்பின் எந்தப் பகுதியாவது கண்ணுக்குத் தெரிந்தால் காரணம் அதுவே. குடையின் விளிம்பைத் தாண்டிப் பல்பு வெளியே நீண்டிருந்தால் அதன் நீளத்தைக் குறைக்க வேண்டும். பல்பின் வடிவத்தைக் குறிக்கும் எழுத்தை அடுத்து வரும் எண், பெரும்பாலும் அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்கிறது: ஏ60 என்பது 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள வழக்கமான வடிவம், ஜி45 என்பது சிறிய உருண்டை, ஜி95, ஜி125 ஆகியவை பெரிய உருண்டைகள். நீளம் அந்த எண்ணில் இல்லை. அதைப் பெட்டியில் தனியாகத் தேடி, குடையின் ஆழத்தை அளவுநாடாவால் அளந்து ஒப்பிட்ட பிறகே வாங்க வேண்டும். குண்டு பல்புக்காக வடிவமைக்கப்பட்ட குடையில் சற்று நீளமான எல்இடியை மாட்டும்போது வெளியே தெரியும் ஒரு விரற்கடை நீளமே அந்த மேசையைக் கூசவைக்கப் போதுமானது.

சாப்பாட்டு மேசைக்கு மேல் குடையின் அடிவிளிம்பு, மேசைப் பரப்பிலிருந்து 75 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. கண்ணாடியே குடையாக இருந்து பல்பை மறைக்க வழியில்லாத விளக்குகளில், நுனிப்பகுதியில் வெள்ளிப் பூச்சுப் பூசப்பட்ட பல்பைப் பயன்படுத்தலாம். அது கீழ்நோக்கி வரும் ஒளியைக் கூரைப் பக்கம் திருப்பிவிடுகிறது. ஆனால் அந்தப் பல்பை மூடிய உலோகக் குடையில் போட்டால் ஒளி முழுவதும் குடைக்குள்ளேயே அடைபட்டுப்போகும். அறையின் வேறு மூலையில் ஒரு சிறு விளக்கை எரியவிட்டுச் சுற்றுப்புற இருளைக் குறைப்பதும் பயன் தரும். பல்பை மாற்றாமலேயே பாதிக் கூச்சம் அதில் தணிவதுண்டு.

முகங்கள் வெளிறியும், சிவப்புப் பொருள்கள் மங்கியும் தெரிகின்றன

இங்கே இரண்டு வேறு குறைகள் ஒன்றாகக் கலந்து பேசப்படுகின்றன; அவற்றைப் பிரித்தறியாமல் தீர்வு காண முடியாது. அறை முழுவதும் நீலம் கலந்தோ, அளவுக்கு மீறி மஞ்சளாகவோ தோன்றினால் அது வண்ண வெப்பநிலை பற்றியது. இதைக் கெல்வின் என்ற அலகில் குறிக்கிறார்கள். 2,700 கெல்வின் குண்டு பல்பின் இளமஞ்சள்; 3,000 அதைவிடச் சற்று வெண்மை; 4,000 நடுநிலை வெண்மை; 6,500 பகல் வானத்தின் நீலம் கலந்த வெண்மை. எண் உயர உயர ஒளி குளிர்ச்சியாகத் தோன்றும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். சாப்பாட்டு மேசை, படுக்கையோரம் ஆகிய இடங்களுக்கு 2,700 அல்லது 3,000, சமையல் மேடைக்கு 3,000 முதல் 4,000 வரை என்பது என் பரிந்துரை. 6,500 கெல்வின் பல்பைத் தொங்கு விளக்கில் இரவு நேரத்தில் பயன்படுத்த நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அறையின் பொதுவான நிறம் சரியாக இருந்தும் உதடு, தக்காளி, மரத்தின் செம்மை ஆகியவை மட்டும் உயிரற்றுத் தெரிந்தால் அது வேறு குறை. வெள்ளை எல்இடி என்பது அடிப்படையில் நீல ஒளி தரும் சிறு சில்லு. அதன் மேல் பூசப்பட்ட பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள், நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகிறது. பூச்சு எளிமையானதாக இருந்தால் ஆழ்ந்த சிவப்பு ஒளி அதில் போதிய அளவு இருக்காது; விளக்கிடம் இல்லாத நிறத்தைப் பொருள் திருப்பி அனுப்ப முடியாது. நிறங்களை உள்ளபடி காட்டும் இந்தத் திறனைச் சி.ஆர்.ஐ. என்ற எண்ணால் குறிக்கிறார்கள், உச்சம் 100. சாதாரணப் பல்புகளில் 80 என்று இருக்கும். சாப்பாட்டு மேசைக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி முன் இருக்கும் விளக்குக்கும் 90 அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். இந்த எண் வெளிர்நிறமான எட்டு மாதிரி நிறங்களின் சராசரி மட்டுமே. ஆழ்ந்த சிவப்பு அந்தச் சராசரியில் சேர்வதில்லை. அதற்கான தனி எண் ஆர்9. பெட்டியில் ஆர்9 மதிப்பு 50க்கு மேல் என்று குறித்திருந்தால் அந்தப் பல்பை நம்பலாம்.

சோதனைக்குச் சிவப்புத் துணி ஒன்றையும் உங்கள் உள்ளங்கையையும் பகலில் சன்னலருகே பார்த்துவிட்டு, இரவில் விளக்கின் அடியில் மீண்டும் பாருங்கள். அத்துடன் குடையையும் மறந்துவிடக் கூடாது. பொன்னிற உட்பூச்சு, பிரம்பு, நிறக்கண்ணாடி ஆகியவை தம் வழியே வரும் ஒளிக்குத் தம் நிறத்தை ஏற்றிவிடும். 2,200 கெல்வின் அம்பர் நிறப் பல்பைப் பிரம்புக் குடைக்குள் மாட்டினால் மேசை மீது விழுவது வெறும் பழுப்பு ஒளியாகவே இருக்கும். அத்தகைய குடைக்கு 3,000 கெல்வின் பல்பே தேவையான இளமஞ்சள் சாயலைத் தரும்.

வரிசையாகத் தொங்கும் மூன்று விளக்குகளும் மூன்று நிறத்தில் எரிகின்றன

பெட்டியில் ஒரே கெல்வின் எண் இருந்தாலும், வெவ்வேறு நிறுவனங்களின் பல்புகளும், ஒரே நிறுவனம் வெவ்வேறு காலத்தில் செய்த பல்புகளும் சிறிது வேறுபடும். ஒருவகையைச் சேர்ந்த பல்புகள் தமக்குள் எவ்வளவு வேறுபடலாம் என்பதைக் காட்டும் எஸ்.டி.சி.எம். என்ற எண் சில பெட்டிகளில் இருக்கும். 3 என்றால் வேறுபாட்டைக் காண்பது அரிது, 6 என்றால் அருகருகே வைக்கும்போது தெரியும். வரிசை விளக்குகளுக்கு எல்லாப் பல்புகளையும் ஒரே முறையில் வாங்குங்கள். கூடவே ஒன்றை உபரியாக வாங்கி எடுத்து வையுங்கள்.

பல்பு சிமிட்டுகிறது

சிமிட்டலில் பல வகை உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தைச் சுட்டுகிறது. ஒழுங்கின்றி, எப்போதாவது வெட்டி வெட்டி எரிந்தால் தொடர்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். திருகு ஹோல்டரில் பல்பை இன்னும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். தீராவிட்டால் மெயினை நிறுத்திவிட்டு ஹோல்டரின் அடியில் உள்ள உலோக நாக்கைப் பாருங்கள். கனமான பல்புகள் நெடுநாள் அழுத்தியதால் அது தட்டையாகப் படுத்துப் பல்பின் முனையைத் தொடாமல் இருக்கலாம். மரக்குச்சியால் அதை மெல்ல நிமிர்த்தினால் போதும். செருகிச் சுழற்றும் பி22 வகை ஹோல்டரில் ஸ்பிரிங் முனைகள் இறங்கிய இடத்திலேயே சிக்கியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வீட்டின் மற்ற விளக்குகளும் அதே கணத்தில் துடித்தால் பல்பை விட்டுவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். தளர்ந்த நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) இணைப்பு போன்ற ஆபத்தான குறைகள் இப்படித்தான் முதலில் வெளிப்படுகின்றன.

டிம்மரைக் குறைக்கும்போது மட்டும் சிமிட்டினால் அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள்.

மூன்றாவது வகை கண்ணுக்கு நேரடியாகத் தெரியாதது. மாறுமின்சாரம் நொடிக்கு 50 அல்லது 60 சுழற்சிகளில் வருகிறது. அதனால் சரியாகச் சீராக்கப்படாத பல்பின் ஒளி நொடிக்கு 100 அல்லது 120 முறை ஏறி இறங்குகிறது. கண் அதைச் சிமிட்டலாக உணராவிட்டாலும், அசையும் பொருள்கள் துண்டு துண்டாகத் தெரிவதும், சிலருக்குக் கண் சோர்வும் தலைவலியும் ஏற்படுவதும் உண்டு. குண்டு பல்பின் சூடான இழை இந்த ஏற்ற இறக்கத்தைத் தானே மழுப்பிவிடும். எல்இடி சில்லோ மின்னோட்டம் குறைந்த கணமே ஒளியையும் குறைத்துவிடுகிறது. ஆகவே பல்புக்குள் இருக்கும் டிரைவர் என்ற சிறு மின்சுற்றுதான் அதைச் சீராக்க வேண்டும். ஃபிலமென்ட் வகைப் பல்புகளில் டிரைவர் முழுவதும் உலோக மூடிக்குள்ளேயே அடங்க வேண்டியிருப்பதால், மலிவானவற்றில் அதற்குப் போதிய கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சிறிது தேக்கி வைக்கும் பாகம்) வைக்கப்படுவதில்லை. அழகுக்காகத் தொங்கு விளக்குகளில் அதிகம் வாங்கப்படும் இந்த வகையிலேயே இந்தக் குறை அதிகம் என்பது வருத்தத்துக்குரியது.

இருண்ட அறையில் அந்த ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, மெல்லிய வெள்ளைக் குச்சியை அதன் முன் வேகமாக விசிறுங்கள். குச்சி ஒரே மங்கலான விசிறியாகத் தெரிந்தால் பல்பு நல்லது. பல தனித்தனிக் குச்சிகளாகத் தெரிந்தால் ஒளி துடிக்கிறது. கைபேசியின் ஸ்லோ மோஷன் கேமராவில் படமெடுத்தாலும் துடிப்பு புலப்படும். வாங்கும்போதே அறிய விரும்பினால், தொழில்நுட்ப விவரத்தாளில் எஸ்.வி.எம்., பி.எஸ்.டி.எல்.எம். என்ற இரு மதிப்புகளைத் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியும் சிமிட்டலைக் குறிக்கும் பி.எஸ்.டி.எல்.எம். 1 என்று இருந்தால், சராசரி மனிதர் அதைக் காண்பதற்கும் காணாதிருப்பதற்கும் சம வாய்ப்பு உண்டு. எனவே அது 1க்கு மேல் போகக் கூடாது. அசையும் பொருள் துண்டுபடும் விளைவைக் குறிக்கும் எஸ்.வி.எம். 0.4க்குள் இருப்பது நல்லது.

டிம்மரைக் குறைத்தால் துடிக்கிறது, ரீங்கரிக்கிறது, அல்லது திடீரென அணைகிறது

முதலில் பல்பின் உடலில் டிம்மருக்கு ஏற்றது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம். அத்தகைய பல்பை டிம்மரில் தொடர்ந்து எரியவிடுவது டிரைவரைக் கெடுத்துவிடும். குறிப்பு இருந்தும் தொல்லை தொடர்ந்தால் டிம்மரின் குறைந்தபட்சச் சுமையைப் பாருங்கள். மூன்று 60 வாட் குண்டு பல்புகள் எரிந்த இடத்தில் சுமை 180 வாட். அவற்றுக்குப் பதிலாக மூன்று 8 வாட் எல்இடிகள் வந்தால் 24 வாட் மட்டுமே. குறைந்தது 40 வாட் வேண்டும் என்று வடிவமைக்கப்பட்ட பழைய டிம்மர் இந்தச் சுமையில் நிலைகொள்ளாமல் தடுமாறும். சோதனையாக ஓர் ஹோல்டரில் மட்டும் பழைய குண்டு பல்பை மாட்டிப் பாருங்கள். மற்ற எல்இடிகள் உடனே அமைதியடைந்தால் காரணம் உறுதியாகிவிட்டது. எல்இடிக்கென்று செய்யப்பட்ட, குறைந்தபட்சச் சுமை சில வாட்டுகளே உள்ள டிம்மராக மாற்றச் சொல்லுங்கள்.

டிம்மர்களில் மாறுமின்சார அலையின் முன்விளிம்பை (தொடக்கப் பகுதியை) வெட்டுபவை, பின்விளிம்பை (இறுதிப் பகுதியை) வெட்டுபவை என இரு வகை உண்டு. குண்டு பல்புக் காலத்து டிம்மர்கள் பெரும்பாலும் முதல் வகை. அவை மின்னழுத்தத்தைச் சட்டென்று ஏற்றுவதால் எல்இடி டிரைவரின் பாகங்கள் அதிர்ந்து ரீங்காரம் எழுகிறது. பின்விளிம்பு வகையில் அந்த அதிர்ச்சி குறைவு. பெரும்பாலான எல்இடிகளுக்கு அதுவே இணக்கமானது. பல்பு நிறுவனங்கள் வெளியிடும் பொருத்தப் பட்டியலில் உங்கள் டிம்மரின் மாதிரி எண் இருந்தால் அதைவிடச் சிறந்த உறுதி வேறில்லை. டிம்மரின் மேல்வரம்பிலும் கவனம் தேவை. குண்டு பல்புக்கு எழுதப்பட்ட வாட் எண்ணை எல்இடிக்கும் கொள்ளக் கூடாது; எல்இடிக்கான வரம்பு தனியாக, அதைவிட மிகக் குறைவாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

ஒளியைக் குறைத்தால் பழைய பல்பைப் போலப் பொன்னிறமாக மாறவில்லை என்பது பிழையன்று. சாதாரண எல்இடி தன் நிறத்தை மாற்றாமல் அளவை மட்டும் குறைக்கிறது. மங்கும்போது 2,700 கெல்வினிலிருந்து 2,000 அளவுக்கு இறங்கும் தனி வகைப் பல்புகள் கிடைக்கின்றன. மாலை நேர மேசைக்கு அவை கூடுதல் விலைக்குத் தகுதியானவை. கைபேசியால் இயக்கும் ஸ்மார்ட் பல்புகளைச் சுவர் டிம்மரில் மாட்டவே வேண்டாம். அவற்றுக்குத் தடையில்லாத முழு மின்சாரம் வேண்டும்.

சுவிட்சை அணைத்த பின்னும் மங்கலாக எரிகிறது

அணைத்தபின் சில நொடிகள் மட்டும் ஒளி தங்கி மறைந்தால் அது கெபாசிட்டரில் எஞ்சிய மின்சாரமும் பாஸ்பரின் இயல்புமே; கவலை வேண்டாம். இரவு முழுவதும் மங்கலாக ஒளிர்ந்தாலோ, சில நொடிகளுக்கு ஒருமுறை மின்னினாலோ, முதலில் சுவிட்சில் சிறு இண்டிகேட்டர் விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இண்டிகேட்டர் வழியே எப்போதும் மிகச் சிறு மின்னோட்டம் கசிகிறது. குண்டு பல்புக்கு அது ஒன்றுமேயில்லை. எல்இடிக்கு அதுவே மெல்ல ஒளிரப் போதுமானது. இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சுக்கு மாற்றுவதோ, விளக்குக்கு இணையாகச் சிறு பைபாஸ் பாகம் ஒன்றை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு இணைப்பதோ தீர்வாகும். சுவிட்சுக் கம்பியும் மற்றக் கம்பிகளும் ஒரே குழாயில் நெடுந்தொலைவு ஒட்டிச் செல்லும்போதும் இதே கசிவு ஏற்படலாம்.

இவை எதுவும் இல்லையெனில் சுவிட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் இல்லாமல் நியூட்ரலில் இணைக்கப்பட்டிருக்கலாம். இதை அசட்டை செய்யக் கூடாது. அப்படி இணைத்தால், அணைத்த நிலையிலும் ஹோல்டரில் உயிர்ப்புள்ள மின்சாரம் இருக்கும். பல்பை மாற்றும் கைக்கு அது அபாயம். ஹோல்டரைத் தொடும் வேலைக்கு மெயினையே நிறுத்தச் சொன்னது இதற்காகத்தான். இந்தத் திருத்தத்தை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனே செய்ய வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் எரிய வேண்டிய பல்பு சில மாதங்களில் கெட்டுவிடுகிறது

பெட்டியில் எழுதப்பட்ட 15,000 அல்லது 25,000 மணி நேரம் என்பது பொதுவாக ஒளி தொடக்க அளவில் 70 விழுக்காடாகக் குறையும் வரையான காலத்தைக் குறிக்கிறது. அதுவும் நல்ல காற்றோட்டமுள்ள நிலையில் கணக்கிட்டது. நடைமுறையில் முதலில் சாவது பெரும்பாலும் சில்லு அன்று, டிரைவர்தான். அதிலுள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் உயரும்தோறும் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது மின்னணுத் துறையில் நெடுங்காலமாகப் பயன்படும் கணக்கு. தொங்கு விளக்கில் பல்பின் மூடிப் பக்கம் மேலே இருக்கிறது. சூடான காற்றும் மேலேறி, குடையின் உச்சியில், டிரைவர் இருக்கும் அதே இடத்தில் தேங்குகிறது. முழுதும் மூடிய கண்ணாடி உருண்டைக்குள் இந்த வெப்பத்துக்கு வெளியேற வழியே இல்லை.

எனவே மூடிய குடைக்கு, மூடிய விளக்குகளில் பயன்படுத்தலாம் என்று வெளிப்படையாக எழுதப்பட்ட பல்பையே வாங்குங்கள்; கூடாது என்று எழுதப்பட்டிருப்பதையும் மதியுங்கள். தேவைக்கு மேற்பட்ட வாட் வேண்டாம். 13 வாட் பல்பு கெடும் குடையில் 6 வாட் பல்பு பல ஆண்டு நிலைக்கலாம். மேலே காற்றுத் துளைகள் உள்ள குடையாக இருந்தால் அவற்றில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிடுங்கள்.

வரிசையில் ஒரே ஹோல்டரில் மாட்டும் பல்புகள் மட்டும் மீண்டும் மீண்டும் கெட்டால், வெப்பத்தைவிட அந்த ஹோல்டரையே ஐயப்பட வேண்டும். மெயினை நிறுத்தி உள்ளே பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியோ நொறுங்கியோ இருந்தால், உலோக முனை கறுத்திருந்தால், கம்பியின் உறை காய்ந்து வெடித்திருந்தால், அவை குண்டு பல்பு பல ஆண்டுகள் எரிந்த வெப்பத்தின் தடயங்கள். தொடர்பு சரியாக இல்லாத அந்த இடத்தில் சிறு பொறிகள் எழுந்து புதிய பல்பின் டிரைவரைத் தாக்கிக்கொண்டிருக்கும். அந்த ஹோல்டரையும் கம்பியையும் மாற்றும் வரை அங்கே எந்தப் பல்பையும் மாட்டாதீர்கள். கருகிய வாடை வந்தால் மாற்றும் நாள் வரை அந்தச் சுற்றின் மின்சாரம் நிறுத்தப்பட்டே இருக்கட்டும்.